கல்யாணப் படத்துக்கு முகம் வெட்டிய கதை

எங்கள் வீட்டில் என்னை நம்பிக் கத்தரிக்கோலைக் கையில் கொடுத்த ஒரே ஆள் அத்தைதான். அந்த நம்பிக்கைக்கு உரிய பலனை அக்காவின் கல்யாணத்தன்று அவர் அனுபவித்தார்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடுதான் இருந்தார். பகலெல்லாம் ஈப்போவில் ஓர் அரசாங்க அலுவலக முகப்பில் உட்கார்ந்து விண்ணப்பப் பாரங்களுக்கு முத்திரை குத்துவார். குனோங் ராபாட்டுக்குத் திரும்பியதும் பின்னறைக்குள் போய்விடுவார். அந்த அறைக்கு அவர் வைத்திருந்த பெயர் ஸ்டூடியோ. அப்பா வைத்திருந்த பெயர் குப்பை ரூம். இரண்டிலும் பொய் இல்லை. பழைய சேலைக் கரைகள், பாத்தேக் துணித் துண்டுகள், சட்டைப் பொத்தான்கள், தண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டி நரம்பு மட்டும் மிஞ்சிய ரப்பர் இலைகள் என்று கிடைத்ததையெல்லாம் பலகையில் பசை தடவி ஒட்டுவார். மேலே வண்ணம் பூசுவார். மறுநாள் பிடிக்காவிட்டால் உரித்துவிட்டு மறுபடி ஒட்டுவார். எல்லாம் யூடியூப்பில் பார்த்துக் கற்றுக்கொண்டது.

அப்பாவுக்கு அந்த அறைமேல் வெகுநாளாக ஒரு கண். அவருடைய மீன் தொட்டிகள் கார் நிறுத்துமிடத்தில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அக்கா கல்யாணத்துக்கு ஒரு பெரிய படம் செய்து மண்டப வாசலில் வைக்கப்போவதாக அத்தை சொன்னபோது அப்பா சமயம் பார்த்து ஒரு நிபந்தனை போட்டார்.

“தாராளமா வை. பாக்கிறவங்க நல்லாருக்குன்னு சொன்னா ரூம் ஒனக்கே. சிரிச்சாங்கன்னா மறுநாளே என் மீனுங்க உள்ள வந்துரும்.”

அத்தை கதவைச் சாத்திக்கொண்டு வேலையில் இறங்கினார். படம் ஒரு கல்யாண விருந்து. மாப்பிள்ளையும் பெண்ணும் முதுகைக் காட்டி நிற்பார்கள். எதிரே எழுபது பேர் வாழை இலை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு மாதத்தில் எழுபது உடம்பும் தயாராகிவிட்டன. கிடைக்காதது முகங்கள்தான். கல்யாண அலங்கார இதழ்களில் வரும் அழகிகளை ஒட்டிப் பார்த்து உரித்துவிட்டார். இவ்வளவு அழகானவர்கள் நம் குடும்பக் கல்யாணம் எதற்கும் வந்ததில்லை, யாரும் நம்பமாட்டார்கள் என்றார்.

“இங்க பாரும்மா, நேரா பாக்கிற மூஞ்சியா வேணும். கட்டைவிரல் அளவு. நம்ம ஆளுங்க மாதிரி இருக்கணும்” என்று சொல்லி, கத்தரிக்கோலையும் ஒரு பிஸ்கட் டின்னையும் என்னிடம் கொடுத்தார்.

எனக்கு அப்போது எட்டு வயது. அக்காவுக்கும் எனக்கும் பதினாறு வயது வித்தியாசம். என்னை யாரும் எதிர்பார்க்கவில்லை என்று அம்மாவே சொல்லியிருக்கிறார். படித்தது சீனப் பள்ளியில். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் தமிழ் என்னிடம் உயிரெழுத்தைத் தாண்டியிருக்கவில்லை. ஆனால் முகம் பார்க்க எழுத்து எதற்கு? செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் அப்பா அடுக்கி வைத்திருந்த தமிழ்ப் பத்திரிகைகளைப் பிரித்து உட்கார்ந்தேன்.

முன்பக்கத்து ஆட்கள் உதவவில்லை. எல்லாரும் ஒலிவாங்கி முன்னால் வாயைத் திறந்துகொண்டு பக்கவாட்டில் நின்றார்கள். விளையாட்டுப் பக்கத்தில் எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அப்புறம்தான் அந்தப் பக்கம் கிடைத்தது. கட்டம் கட்டமாக முகங்கள், தலைவாரி, சாந்தமாக, நேரே என்னையே பார்த்துக்கொண்டு. ஒவ்வொரு முகத்தின் கீழும் நீளமான பெயர் வரிசை. இவர்கள் சொந்தபந்தம் நிறைய உள்ளவர்கள் என்று முடிவுகட்டினேன். கல்யாணத்துக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

டின்னைத் திறந்து பார்த்த அத்தை என்னைக் கட்டிக்கொண்டார்.

“எவ்ளோ லட்சணமான மூஞ்சிங்க! எங்கேருந்துடி புடிச்ச?”

“பேப்பர்லேருந்து” என்றேன். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆண்களில் சிலருக்குக் கறுப்பு நூலில் மீசை வைத்தார். பெண்கள் எல்லாருக்கும் சிவப்புப் பொட்டு.

கல்யாணத்தன்று காலை மண்டப வாசலில், சந்தனமும் கற்கண்டும் வைத்த மேசைக்குப் பக்கத்தில் படம் நின்றது. அதற்குப் பக்கத்தில் அத்தை புதுச்சேலையில் நின்றார். அன்றைக்கு அவர்தான் பெண் என்று நினைக்கும்படி அவ்வளவு வெட்கம். வந்தவர்கள் எல்லாரும் நல்லாருக்கு, நல்லாருக்கு என்றார்கள். அப்பா மீன்களை நினைத்துப் பெருமூச்சு விட்டார்.

அப்போதுதான் பாகான் செராயிலிருந்து வந்த ஒரு தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“இது நம்ம லாரிக்காரத் தம்பி இல்ல? இவன் போயி ஒரு வருசம் ஆச்சே. கருமாதிக்கே நான் போயிருந்தேன்லா!”

“ஆமாலா, இந்த அக்காவும் போய்ட்டாங்களே. நினைவஞ்சலியில படம் வந்துச்சு” என்றார் பக்கத்தில் நின்ற இன்னொரு பாட்டி.

கால் மணி நேரத்தில் விஷயம் வெட்ட வெளிச்சமாகிவிட்டது. அக்காவின் கல்யாண விருந்தில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. அத்தை என்னைப் பார்த்தார். நான், “எல்லாம் நான்தான் வெட்டினேன்” என்று பெருமையோடு கூட்டத்துக்கு அறிவித்தேன்.

யாராவது பயந்து ஓடினார்களா என்றால் இல்லை. மண்டபத்துக்குள் இருந்தவர்களும் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். தெரிந்த முகத்தைக் கண்டவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு பெண்மணி அத்தையிடம் சண்டைக்கே போய்விட்டார்.

“நாங்களும்தான் எங்கப்பா படத்த கலர்ல போட்டோம். அவர மட்டும் ஏன்லா வுட்டீங்க?”

அப்பா மேசை விரிப்பை உருவிக்கொண்டு ஓடிவந்தார். “அலாமக்! மூடு, மூடு. சம்பந்தி வீட்டுல பாத்தா கல்யாணமே நின்னுரும்” என்றார். விரிப்பு படத்தின்மேல் விழுவதற்குள் மாப்பிள்ளையின் அம்மா வந்துவிட்டார்.

அவர் தெலுக் இந்தானிலிருந்து வந்திருந்தார். கணவர் இறந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. மேடையில் பெற்றோர் செய்யவேண்டியதையெல்லாம் மாப்பிள்ளையின் பெரியப்பாவும் பெரியம்மாவும் செய்துகொண்டிருந்தார்கள். இவர் காலையிலிருந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் குனிந்து ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். மூன்றாவது வரிசையில், பச்சை பாத்தேக் சட்டையும் கையில் பாயாசக் கிண்ணமுமாக உட்கார்ந்திருந்த ஒருவர்மேல் அவர் விரல் நின்றது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

“மீச வச்சதே இல்ல” என்றார் அந்த அம்மா. விரலைக் கிண்ணத்துக்கு நகர்த்தி, “பாயாசமும் ஆகாது. சுகர்” என்றார்.

அத்தை அழுதேவிட்டார். “மன்னிச்சிருங்கக்கா. சத்தியமா எனக்குத் தெரியாது.”

“தாப்பாலா, பரவால்ல. மவன் கல்யாணத்தப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. வந்துட்டாரு.”

பச்சைச் சட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புச் சேலை முகமில்லாமல் உட்கார்ந்திருந்தது. நான் வெட்டிய முகங்கள் அறுபத்தொன்பதில் தீர்ந்துபோனதால், அத்தை அங்கே ஒரு ரப்பர் இலையை வைத்து மறைத்திருந்தார். அந்த அம்மா கைப்பையைத் திறந்து தன்னுடைய சின்னப் படம் ஒன்றை எடுத்தார்.

“பசை இருக்கா?”

“வேணாங்க்கா” என்று பதறினார் அப்பா. “இவங்கெல்லாம் போனவங்க. உயிரோட இருக்கிறவங்கள இதுல வைக்கக் கூடாது.”

“வைங்க” என்றார் அவர்.

அத்தையின் பையில் பசை இல்லாத நாள் கிடையாது. கத்தரிக்கோலை மறுபடி என்னிடமே கொடுத்தார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு ஓரம் பிசகாமல் வெட்டினேன். இலையை உரித்துவிட்டு அத்தை அந்த முகத்தை ஒட்டினார். பழக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டையும் கையில் எடுத்துவிட்டார். எடுத்தவர் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த அம்மா தலையசைத்ததும் மெதுவாக வைத்து அழுத்தினார். என் கணக்கு எழுபது ஆகிவிட்டதில் எனக்குக் கொள்ளைச் சந்தோஷம். பெரியவர்கள் ஏன் மூக்கைச் சிந்துகிறார்கள் என்று புரியவில்லை. அப்பா விரிப்பை ஒழுங்காக மேசையிலேயே விரித்துவிட்டுப் போனார். அறையைப் பற்றி அவர் பிறகு வாயே திறக்கவில்லை.

கெட்டிமேளம் கொட்டும் நேரம் வந்தது. எல்லாரும் அட்சதையோடு முன்னால் போய்விட்டார்கள். அந்த அம்மா மட்டும் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றார்.

“ஆண்ட்டி, முன்னால வாங்க. இங்கேருந்து ஒண்ணும் தெரியாது” என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

“இங்கேருந்தே நல்லா தெரியுதும்மா” என்றார்.

நானும் அவர் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். மேடையை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய தூண்தான் தெரிந்தது. பாவம், இவருக்குக் கண் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் மட்டும் முன்னால் ஓடினேன்.