தண்ணீர்த் தாங்கியை எங்கே வைப்பது

பழைய வான் ஒன்றை வாங்கி, அதற்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் பொருத்தி ஊர் ஊராகப் போகவேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. பதினெட்டு வருடம் தமிழ்நாட்டில் அகதி முகாமில் இருந்தோம். பொழுதுபடுவதற்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும். நாடு திரும்பி, கடலோரத்துப் பள்ளிமுனையில் வீடு கட்டி, மகளையும் கரைசேர்த்த பிறகு, "இனி எங்களை ஆர் கேட்கிறது, போவம்" என்றாள்.

வானை வாங்கினோம். நான் தச்சன். வேலை முழுக்க என்னுடையது. பாரக் கணக்கு அவளுடையது. முகாமில் பங்கீட்டுக் கடையில் அரிசி நிறுத்துக் கொடுத்தவள் அவள். எதையும் கையில் தூக்கிப் பார்த்தே இத்தனை கிலோ என்று சொல்லிவிடுவாள். வானுக்குள் ஏறப்போகும் ஒவ்வொன்றையும் ஒரு கொப்பித் தாளில் எழுதினாள். காஸ் சிலிண்டர், பற்றரி, மெத்தை, சட்டி பானை, நான், அவள். எது வலப்பக்கம், எது இடப்பக்கம், எது முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் நடுவில் என்று படமும் கீறினாள். அந்த நாட்களில் சமைக்கும்போதும் அந்தத் தாள் அவளுக்குப் பக்கத்தில் கிடந்தது.

நான் அதன்படி செய்யவில்லை. அலுமாரிக்கு மெல்லிய பலகை போதும் என்று அவள் எழுதியிருந்தாள். நான் பாரமான முதிரை மரத்தில் செய்தேன். என் வேலையைப் பார்ப்பவர்கள் மெச்சவேண்டும் என்று நினைத்தேன். நூறு லீட்டர்த் தாங்கியைப் பின்கதவடியில் வைத்தேன். வெளியே நின்று கைகழுவ வசதி.

"அங்க வைக்காதேங்கோ. பாரமெல்லாம் பின்சில்லுக்கு அங்கால போகுது. முன்பக்கம் எழும்பிடும்" என்றாள்.

முப்பது வருடமாக மரத்தோடு நிற்கிறவனுக்கு நீ சொல்லித்தர வேண்டாம் என்றேன். அவள் தாளை மடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

முதல் பயணம் மடுக் கோயிலுக்கு. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று பலமாக வீசும் காலம். வெளிக்கிட்ட சிறிது நேரத்திலேயே ஸ்டியரிங் கையில் பாரமில்லாமல் இருந்தது. காரணம் தெரிந்தும் சொல்லவில்லை. கடலுக்கு மேலால் போகும் பாலத்துக்குக் கிட்டப் போகும்போது அலுமாரிக் கதவு திறந்து திறந்து அடித்தது. பின்னால் போய்ப் பிடித்துக்கொள் என்று அவளை அனுப்பினேன். பாலத்தில் காற்று பக்கவாட்டில் அறைந்தது. எதிரே ஒரு பஸ் விலகிப் போனதும் வானின் பின்பக்கம் வீசி ஆடியது. திருப்பினேன், மறுபக்கம் ஆடியது. எப்படியோ நிறுத்திவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது அலுமாரி கழன்று விழுந்து கிடந்தது. அவள் அதன் கீழே கிடந்தாள். கத்தவில்லை. என் பெயரை மட்டும் ஒருமுறை சொன்னாள்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்களிடம் காற்று என்றேன், பஸ்காரன் என்றேன். அவள் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள்.

அவள் கைத்தடியோடு வீட்டுக்குள் நடக்கப் பழகிய மாதங்களில் நான் வானை முழுக்கக் கழற்றினேன். இந்த முறை அவளுடைய தாள்தான். மெல்லிய பலகை, கட்டிலுக்குக் கீழே நடுவில் தாங்கி, அதற்கு எதிர்ப்பக்கம் பற்றரி. அடம்பன் பக்கத்து நெல் ஆலையில் லொறி நிறுக்கும் தராசில் முதலில் முன்சில்லுகளை மட்டும் ஏற்றி நிறுத்தேன், பிறகு பின்சில்லுகளை, பிறகு ஒவ்வொரு பக்கமாக. அவள் எழுதியதற்கும் தராசு காட்டியதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. ஆலைக்காரர் பார்க்க, வானுக்குள் இருந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்து அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கைத்தடியை ஊன்றிக்கொண்டு சுற்றிவந்தாள். குனிந்து தாங்கியைப் பார்த்தாள். சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள் என்றாள். போவமா என்று கேட்டேன்.

"வான் நல்லாத்தான் இருக்குது" என்றாள். "நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடிச்சு ஓடினா நான் ஏறமாட்டன்."

அடுத்த வருடம் கோயில் பெண்களோடு பஸ்ஸில் திருகோணமலை போய்வந்தாள். அந்தக் கடல் எங்கள் கடல்போல இல்லை, கரையிலேயே ஆழம் என்று எனக்கு விவரமாகச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவன், அன்றைக்குப் பிழை என்னுடையது, காற்றும் இல்லை பஸ்ஸும் இல்லை என்று அப்போதுதான் சொன்னேன்.

"அந்தப் பேப்பரை எழுதேக்க நான் எவ்வளவு சந்தோசமா இருந்தனான் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்றாள்.

எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்தத் தாளைத் தள்ளிவைத்தேன். அதை மட்டும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

வானை மீன் ஏற்றுகிற ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். நாங்கள் சண்டை பிடிப்பதில்லை. அவள் எங்காவது போகிற நாட்களில் பஸ் தரிப்பிடம் வரை கூடப் போகிறேன். அவள் ஏறும்வரை கைத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு யன்னலால் நீட்டுகிறேன். இருக்க இடம் கிடைத்ததா என்று கேட்கிறேன். ஓம் என்கிறாள்.