செல்லையா அண்ணனும் டேங்க் மூடிச் சந்தனமும்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். செல்லையா அண்ணன் போய்விட்டார் என்று ஆள் வந்து சொன்னதும், நான் முதலில் செய்தது என் சட்டைக் கையை முகர்ந்து பார்த்ததுதான். பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று. சொல்ல வந்தவர், துக்கத்தில் மூக்கைத் துடைக்கிறேன் என்று நினைத்து அவரும் கண் கலங்கினார்.

புதுவயல் அரிசி ஆலை ஆபீசில் அவருக்கு அடுத்த மேசை என்னுடையது. அவருடைய பழைய மோட்டார் சைக்கிளை உங்களில் பலர் தள்ளியிருப்பீர்கள். ஞாயிறுதோறும் கழற்றித் துடைத்து மாட்டுவார்; திங்களன்று அது ஓடாது. மாட்டிய பிறகு திருகாணி ஏதாவது மிஞ்சிக் கிடந்தால், "வேண்டாததை வண்டியே வெளிய தள்ளிருச்சு தம்பி" என்பார்.

அந்த வண்டியை நம்பி என் தங்கையின் தாலியை எடுத்துவரப் போனேன் என்றால் என் புத்தியைப் பாருங்கள். கல்யாணம் புதுவயலில். தாலியோ வளையம் ஒடிந்து, பற்றவைக்கக் காரைக்குடி ஆசாரியிடம் போயிருந்தது. முகூர்த்தத்தன்று காலையில் வாங்கிக்கொண்டு திரும்பினோம். முதல் நாள்தான் சர்வீஸ் முடித்து, சுபகாரியத்துக்குப் போகிற வண்டியாயிற்றே என்று டேங்க் மூடியில் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்திருந்தார். நடுவழியில் வண்டி இருமியது, நின்றது.

"அண்ணே, முகூர்த்தம்!"

"முகூர்த்தத்துக்குப் பெட்ரோல் வேணாம் தம்பி. வண்டிக்குத்தான் வேணும். பதறாதீக."

மூடியைத் திறந்தார். பெட்ரோல் தளும்பியது. மூடிவிட்டு உதைத்தார், கிளம்பியது. கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. பிளக்கைக் கழற்றித் துடைத்தார், குழாயில் வாய் வைத்து ஊதினார். ஓடும், நிற்கும். நான் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா கோபக்காரர்; சம்மதிக்கவே மூன்று நடை நடக்கவிட்டவர்.

திடீரென்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "சந்தனந்தான்! மூடியில காத்து போற ஓட்டைய அடைச்சுப்புட்டேன். காத்து உள்ள போகாம பெட்ரோல் எப்படிக் கீழ எறங்கும்? குத்துறதுக்கு ஊசி இருக்கா?"

இல்லை. அவர் பார்வை என் மடிக்கு வந்தது. "தாலி முனை கூராத்தான இருக்கும்? ஒரே குத்து..."

"என் தங்கச்சி கழுத்துக்கு முன்னாடி உம்ம டேங்குல ஏறணுமாக்கும்!"

கடைசியில் மூடியைக் கழற்றிவிட்டு, பின்னாலிருந்து நான் கையை வளைத்து டேங்க் வாயைத் துண்டால் மூடிக்கொள்ள, தளும்பிய பெட்ரோல் என் சட்டைக் கையை நனைக்க, ஆமைபோல ஊர்ந்தோம். இன்னொரு கையில் தாலி. வண்டி நிற்கவில்லை. தாலி வேளைக்கு ஏறியது. அடுத்து, பெண்ணின் அண்ணனாக நான் அக்கினியில் பொரியிட வேண்டும். ஐயர் என் சட்டையை மோந்து பார்த்துவிட்டு அலறினார்: "அக்கினிக்கிட்ட வராதீக! அங்குட்டே நில்லுங்க!" பொரியைச் சித்தப்பா மகன்தான் போட்டான்.

அன்று முதல் டேங்க் மூடியில் பொட்டு வைத்த எவரைக் கண்டாலும் நிறுத்தி, காற்று ஓட்டையைப் பற்றிப் பிரசங்கம் செய்துவருகிறேன். அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஞானமும், எதற்கும் நடுங்குகிற என் நெஞ்சுக்கு நானே சொல்லிக்கொள்ளும் அவருடைய "பதறாதீக"வும்தான்.

நேற்று துக்கம் கேட்கப் போனபோது இதை அவர் மகனிடம் சொன்னேன். அழுத முகத்தோடு சிரித்தான். "சந்தனமெல்லாம் இல்ல மாமா. சர்வீஸ் பண்ணிட்டு அப்பா டேங்குக்கு அடியில இருக்குற பெட்ரோல் திருகைப் பாதிதான் தெறந்திருந்தாகளாம். மெதுவாப் போனதால அந்தக் கொஞ்சப் பெட்ரோலே போதும்னு வண்டி நிக்காம வந்துச்சாம். உங்ககிட்டச் சொல்ல வேணாம்னு அம்மாகிட்டச் சொல்லியிருக்காக."