எங்கள் ஊர் வருஷத்துக்குப் பதிமூன்று மாதம்

போன செவ்வாய்க்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். சிரிக்காமல் கேட்பதாக இருந்தால் சொல்கிறேன்.

பி.எச்.டி.க்கு அப்ளை பண்ண உட்கார்ந்தேன். நிதியியலில். ஐம்பது வயதில்!

“ஏன், பேங்க்ல இருபத்திமூணு வருஷம் பாத்த ஃபைனான்ஸ் போதாதா?” என்றார் வீட்டுக்காரர். நான் விருப்ப ஓய்வு வாங்கியதிலிருந்து எது செய்தாலும் அவருக்கு வேடிக்கைதான். “நீங்க சும்மா இருங்க” என்று சொல்லிவிட்டு, வேங்கிக்கால் வீட்டு மாடியில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன்.

ஆன்லைன் விண்ணப்பம். பெயர், மார்க், வேலை அனுபவம்... மடமடவென்று போனது. கடைசிப் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். ஆராய்ச்சி செய்தவராகவும் என்னை நன்றாகத் தெரிந்தவராகவும் ஒருவர் பரிந்துரைக் கடிதம் அனுப்ப வேண்டுமாம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள்.

எனக்குப் பாடம் நடத்தியவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. மிச்சம் ஒரே ஆள்தான் — கலைச்செல்வி. எம்.காம். முதல் நாளிலிருந்து என் சிநேகிதி. இப்போது கோயம்புத்தூரில் நிதியியல் பேராசிரியை. உலகத்திலேயே நான் கடிதம் கேட்கக் கூச வேண்டிய ஒரே ஆளும் அவள்தான்.

ஏன் என்று கேட்கிறீர்களா?

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் முதல் தடவை பி.எச்.டி.க்கு அப்ளை பண்ணினோம். அவள் சொந்த ஊர் அடி அண்ணாமலை, மலையைச் சுற்றும் பாதையிலேயே இருக்கிறது. கிரிவலப் பாதையில் கடை போடுகிறவர்கள், பௌர்ணமி ஒரு ராத்திரி வியாபாரத்தை வைத்து மாசம் முழுக்க எப்படி ஓட்டுகிறார்கள்? இதுதான் எங்கள் விஷயம். தேங்காய், கற்பூரக் கடைகள் அவளுக்கு. டிபன் கடைகள் எனக்கு. ஒரு வருஷம் அலைந்தோம்.

அடடா, என்ன நாட்கள் அவை! பௌர்ணமிக்கு மறுநாள் மதியம் சைக்கிளில் கிளம்புவோம். விடிய விடிய நின்றவர்கள் அப்போதுதான் எழுந்து அண்டா கழுவிக்கொண்டிருப்பார்கள். மிஞ்சின எலுமிச்சை சாதத்தை ஆளுக்கு ஒரு தட்டு கொடுத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார்கள். “இந்தப் பௌர்ணமி கம்மிம்மா. மழை வந்து கெடுத்துடுச்சு. போன பௌர்ணமிதான் ஜாஸ்தி” என்பார்கள். சாப்பிட்டுக்கொண்டே எழுதுவோம். என் நோட்டில் மஞ்சள் கறை படாத பக்கமே கிடையாது. அந்த நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. எடுத்தால் மனசு என்னவோ செய்யும்.

சேர்த்ததையெல்லாம் ‘மாத வாரியாக’ என்று தலைப்புப் போட்டு அட்டவணை ஆக்கினோம். அந்த வருஷம் ஒரே மாசத்தில் இரண்டு பௌர்ணமி வந்திருந்தது. ஆக, ஜனவரியிலிருந்து டிசம்பருக்குள் பதிமூன்று வரி! ஒருத்திக்காவது உறைத்ததா? இல்லை. கடைக்காரர்களுக்குப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு மாசம். அதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கும் அதுவே கணக்காகிவிட்டது.

சென்னையில் நேர்முகம். முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர் அட்டவணையை விரலால் எண்ணினார்.

“ஏம்மா, உங்க ஊர்ல வருஷத்துக்கு எத்தனை மாசம்?”

“பன்னெண்டு சார்.”

“இங்க பதிமூணு இருக்குதே?”

எட்டிப் பார்த்தேன். பதிமூன்றேதான். “அது... பௌர்ணமி சார்” என்றேன். நான்கு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர்கள் கேட்டது எதுவும் என் காதில் ஏறவில்லை.

வெளியே வந்தால் பெஞ்சில் கலை. மடியில் அவளுடைய ஃபைல். அதிலும் பதிமூன்று வரி.

“என்னாடி கேட்டாங்க?”

“ஒண்ணும் இல்லடி. சும்மா பேரு, ஊரு... ஈஸிதான்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் அவளைப் பார்த்தும் சிரிக்கட்டும் என்றா? ஆமாம், அதேதான். நான் மட்டும் தோற்றுப்போகப் பயமாக இருந்தது.

இரண்டு பேருக்குமே கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தாள் — எனக்கு வாந்தி வரும் என்று அவளுக்குத் தெரியும். நான் வங்கிப் பரீட்சை எழுதிப் போய்விட்டேன். அவள் மறுவருஷமும் அப்ளை பண்ணி இடம் வாங்கிவிட்டாள். அதற்கப்புறம் பொங்கல் வாழ்த்து, வாட்ஸ்அப்பில் காலை வணக்கம்... அவ்வளவுதான். ஊருக்கு வந்தால் கூப்பிடுவாள். லீவு இல்லை என்பேன்.

புதனும் வியாழனும் போனை எடுப்பதும் வைப்பதுமாகவே போயின. உண்மையை மறைத்துக்கொண்டு கடிதம் கேட்பதா? சொன்னால் கொடுப்பாளா? வெள்ளிக்கிழமை காலை, ஆனது ஆகட்டும் என்று கூப்பிட்டேன். கடிதத்தை விட்டுவிட்டு முதலில் அந்தப் பெஞ்சைப் பற்றித்தான் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

“எரும” என்றாள் கலை. “அவங்க ‘பதிமூணு’ன்னு கேட்டதும் சிரிச்சதும் வராண்டா முழுக்கக் கேட்டுச்சு. நீ வெளிய வர்றதுக்குள்ளயே என் ஃபைல எண்ணிப் பாத்துட்டேன்.”

“தெரிஞ்சுமாடி கேட்டே?”

“நீ சொல்றியான்னு பாத்தேன்.”

அவளே தொடர்ந்தாள்.

“கோவம் இருந்துச்சுடி. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா மறுவருஷம் அதே பதிமூணத்தான் தூக்கிட்டுப் போனேன். கடைக்காரங்களுக்கு மாசம்னா பௌர்ணமி, பேங்க்ல தவணை வெக்கிறது தேதிக்கு, அங்கதான் இடிக்குதுன்னேன். அந்தப் பெரியவரு சிரிக்கல. என் தீசிஸே அதானடி!”

இருபத்திமூன்று வருஷம் அதே கடைக்காரர்களுக்கு, ‘பிரதி மாதம் ஐந்தாம் தேதி’ என்று தவணை போட்டுக் கையெழுத்து வைத்தவள் நான். எனக்கு ஒருநாள்கூட இது தோன்றவில்லை.

“லெட்டர் தருவியாடி?” என்றேன்.

“வர்ற பௌர்ணமிக்கு ஊருக்கு வரேன். லீவு இல்லன்னு மட்டும் சொன்னே, தெரியும் சேதி! இப்ப போனை வை, எழுதணும்.”

நாலரை மணிக்குக் கடிதம் போய்விட்டது. அது ரகசியமாம், நான் படிக்கக் கூடாது. கடிதப் படிவத்தில் மேலே இருந்த ஒரே ஒரு கேள்வியை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். ‘விண்ணப்பதாரரை எத்தனை மாதங்களாகத் தெரியும்?’ பக்கத்தில், 346.

எங்கள் பழக்கம் இருபத்தெட்டு வருஷம். வீட்டுக்காரர் கால்குலேட்டரில் தட்டினார். “முந்நூத்தி முப்பத்தாறுதானே வருது? என்னம்மா உன் ஃபிரண்டு, ஃபைனான்ஸ் புரொபசர்ங்கற... பத்து மாசம் ஜாஸ்தி போட்டிருக்காங்க!”

ஜாஸ்தி இல்லை. பௌர்ணமி பௌர்ணமியாக எண்ணியிருக்கிறாள் — நான் லீவு இல்லை என்று சொன்னதையெல்லாம் சேர்த்து!