ஆறுமுகத்தின் பெயரில் வந்த போத்தல்

1. கதவருகே ஒரு கேள்வி

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்ப் பழக் குலை வெட்டும் ஒருவர் முழங்கால் வலி என்று வந்தார். தைலம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கதவு வரை போனவர், கைப்பிடியைப் பிடித்தபடி, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"அப்புறம் மிஸ்ஸி, ரெண்டு மாசமா வெளிக்குப் போனா ரத்தம் வருது. அது சூடுதானே?"

அவர் முழங்காலுக்காக வரவே இல்லை. இதைக் கேட்கத்தான் வந்திருக்கிறார். கேட்க வாய் வராமல் முழங்காலைத் துணைக்குக் கூட்டி வந்திருக்கிறார்.

மலேசியாவில் கோல சிலாங்கூருக்கும் தஞ்சோங் காராங்குக்கும் இடையில் இருந்த ஒரு அரசாங்க கிளினிக்கில் முப்பத்து மூன்று வருடம் வேலை செய்தேன். பத்திரிகையில்தான் எங்களைத் தாதி என்று எழுதுவார்கள். வருகிறவர்களுக்கு நாங்கள் எல்லாரும் மிஸ்ஸிதான். போன வருடம் ஓய்வு பெற்றேன். இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். சொல்வதற்குப் பெருமையாக ஒன்றும் இல்லை. சொல்லாமல் இருக்கவும் முடியாத ஒன்று இருக்கிறது.

வயிற்றுக்கோளாறு எதுவாக இருந்தாலும் நம் ஆட்களிடம் அதற்குக் காரணம் தயாராக இருக்கும். எரிந்தால் சூடு, வலித்தால் வாயு, ரத்தம் வந்தால் மூலம். இளநீர், ஓமத் தண்ணீர், ஊற வைத்த வெந்தயம் என்று வைத்தியமும் தயார். பெரும்பாலான நேரம் இரண்டு நாளில் சரியாகியும் விடும். அதனால்தான் சரியாகாத ஒன்று வரும்போது யாருக்கும் அடையாளம் தெரிவதில்லை.

2. போத்தல்

ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு கிளினிக்கில் ஒரு சின்னப் போத்தல் கொடுப்போம். அதில் கொஞ்சம் மலம் எடுத்து, எடுத்த அன்றே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. ஒரு கோடு வந்தால் ஒன்றுமில்லை. இரண்டு கோடு வந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். இது எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கான பரிசோதனை. கண்ணால் ரத்தத்தைப் பார்த்தவருக்குப் போத்தல் தேவையில்லை, அவர் நேரே டாக்டரைப் பார்க்க வேண்டும். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

போத்தல்கள் போகும், திரும்பி வராது. ஒரு வீட்டில் அதில் விபூதி போட்டு சாமி மேடையில் வைத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் மேலிடத்திலிருந்து மாதக் கடைசியில் எத்தனை வந்தது என்று கேட்பார்கள். என் கிளினிக் எப்போதும் பின்னால்தான் நிற்கும். எனக்கு அது ரோஷமாக இருந்தது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

ஆறுமுகம் தோட்டத்தில் லோரி ஓட்டுநர். ஐம்பத்தெட்டு வயது. இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி இருந்தது, மாதா மாதம் மருந்து உண்டு. போத்தலை நீட்டியதும் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"அத போத்தல்ல போட்டு, பையில வச்சு, நாலு பேரு பாக்கக் கொண்டாந்து குடுக்கறதா? அசிங்கம் லா, மிஸ்ஸி."

"ஒண்ணுக்கு மட்டும் மாசா மாசம் புடிச்சுக் குடுக்கறீங்களே, அண்ணே. அது என்ன பன்னீரா?"

"அது தண்ணி. இது வேற."

எப்படியோ போத்தலைக் கையில் திணித்து அனுப்பினேன். அதோடு சரி. அடுத்த மாதம் மருந்து வாங்க அவர் வரவில்லை, அவருடைய மனைவி சரசுதான் அவருடைய கிளினிக் கார்டைக் கொண்டு வந்தார். அவர்தான் பாதி மாதங்கள் வருவார். தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை அவருக்கு. காலையில் முடித்துவிட்டு, தலைத்துண்டைக்கூட அவிழ்க்காமல் வந்து வரிசையில் நிற்பார்.

"என்னக்கா, மெலிஞ்சு அழகாயிட்டீங்க" என்றேன். அவர் லேசாகச் சிரித்தார். ரவிக்கையின் பக்கவாட்டில் ஊசி குத்திப் பிடித்திருந்தார். அதையும் பார்த்தேன்.

"அண்ணன் போத்தல் இன்னும் வரல. நீங்களாச்சும் வாங்கியாந்து குடுங்கக்கா. இந்த மாசம் முடியறதுக்குள்ள வேணும்."

"சரிங்க, மிஸ்ஸி."

அடுத்த வியாழக்கிழமை காலையில் வந்துவிட்டது. நாளிதழில் சுற்றி, அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஆறுமுகத்தின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் எழுதி சரசு கொண்டுவந்து கொடுத்தார். நான் சந்தோஷமாக வாங்கினேன். இரண்டு கோடு வந்தது.

மதியமே ஆறுமுகத்துக்குப் போன் செய்து, டாக்டரைப் பார்க்க வாருங்கள் என்று சொன்னேன். போனில் பின்னால் ஒரு குழந்தை கத்திக்கொண்டிருந்தது. யார் குழந்தை என்று நான் யோசிக்கவில்லை.

3. சுத்தமாக இருந்த குடல்

ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்க்கும் ஸ்கோப் செய்யத் தேதி கிடைக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. முடிந்து, கடிதத்தோடு கணவனும் மனைவியும் கிளினிக்குக்கு வந்தார்கள். ஆறுமுகம் உள்ளே நுழையும்போதே சத்தம்.

"பாத்தீங்களா, மிஸ்ஸி? கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்காம். உங்க டெஸ்டுதான் கெட்டுப் போச்சு. அந்த பேதி மருந்துத் தண்ணியக் குடிச்சிட்டு நான் பட்ட பாடு! ஜாம்பான்லயே பாய் போட்டுப் படுத்திருக்கலாம்."

மருந்துக்குக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவருக்கு அது போதும், இன்னும் ஏற்றிக்கொண்டார்.

"அன்னைக்கு நான் பாட்டுக்கு ராசா டவுன்ல மக வீட்டுல நாலு நாளா பேத்தியத் தூக்கி வச்சிக்கிட்டு சந்தோசமா இருக்கேன். போனப் போட்டு வயித்தக் கலக்கிட்டாங்க, இந்த மிஸ்ஸி."

நானும் சிரித்தேன். சரசு மட்டும் சிரிக்கவில்லை. கவுண்டர் பக்கமாக வந்து மெதுவாகக் கேட்டார்.

"அந்த டெஸ்டு தப்பாவும் காட்டுமா, மிஸ்ஸி?"

"சில சமயம் காட்டும்க்கா. மூலம் இருந்தாக்கூட ரெண்டு கோடு வரும்."

"அப்ப மூலமாத்தான் இருக்கும்" என்றார். கணவருடைய மருந்தைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். யாருக்கு மூலம் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஆறுமுகத்தின் கடிதத்தைக் கோப்பில் சேர்க்கப் பதிவேட்டை எடுத்தேன். போத்தல் பெற்றது வியாழன் காலை. நான் போன் செய்தது அதே வியாழன் மதியம். அவரோ நான்கு நாளாக ராசாவில். ராசா எங்கே, நாங்கள் எங்கே. சிலாங்கூரின் அந்தக் கோடி. எடுத்த அன்றே வர வேண்டிய போத்தல் அங்கிருந்து வந்திருக்க முடியாது.

ரவிக்கையில் குத்தியிருந்த ஊசி ஞாபகம் வந்தது. மெலிஞ்சு அழகாயிட்டீங்க என்று சொன்ன என் வாயை என்ன செய்வதென்று தெரியவில்லை.

4. காட்டில்

வீட்டுப் பார்வைக்குப் போகும் வண்டியில் தோட்டத்துச் செம்பனைக் காட்டுக்குப் போனேன். சரசு ஒரு மரத்தடியில் குனிந்து பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார்.

"அக்கா, அந்த போத்தல் யாரோடது?"

அவர் முதலில் பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்த்தார்.

"அவரு ராசா போயிட்டாரு. நீங்க மாசம் முடியறதுக்குள்ள வேணும்னீங்க. ரெண்டு பேரும் ஒரே சட்டிச் சோறுதானே தின்றோம், மிஸ்ஸி. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்னு என்னோடத குடுத்துட்டேன்."

"ரெண்டு கோடு வந்தப்ப சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படி சொல்றது? அவரு பயந்துபோய்க் கெடந்தாரு. அப்புறம் தேதியும் வந்திருச்சு. உன்னாலதான் எனக்கு இந்தப் பாடான்னு கேப்பாரு. அதோட எனக்கு மூலம்தானே, மிஸ்ஸி. நாள் பூரா வெயில்ல நிக்கறேன், சூடு."

அந்த மரத்தடியிலேயே நின்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ரத்தம் எப்போதிலிருந்து? தீபாவளிக்கு முன்னாலிருந்து. ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. வெளிக்குப் போவது எப்படி?

"முன்னல்லாம் மூணு நாளைக்கு ஒருக்காதான். காட்டுல பொம்பளைங்க எங்க போறது? அடக்கி அடக்கிப் பழகிருச்சு. இப்ப நாளைக்கு அஞ்சு தடவ வர மாதிரி இருக்கு. போய் உக்காந்தா ஒண்ணும் வரல. வந்தாலும் மெலிசா வருது."

சாப்பாடு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பழ மூட்டையைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்துக் கிடந்தது. இத்தனையும் மாதா மாதம் என் எதிரில், ஒன்றரை முழத் தூரத்தில், கையில் கணவனுடைய கார்டோடு நின்றிருக்கிறது.

அன்றே வண்டியில் ஏற்றி டாக்டரிடம் அழைத்துப் போனேன். சரசுவின் பெயரில் கார்டு தேடினேன். இருந்தது. கடைசியாக அதில் எழுதப்பட்டது அவருடைய கடைசிப் பிள்ளையின் பிரசவம். அந்தப் பிள்ளை இப்போது கிள்ளானில் வேலை செய்கிறான்.

பெருங்குடலின் கடைசிப் பகுதியில் கட்டி. கல்லீரலுக்கும் போயிருந்தது. ஆபரேஷன் செய்து, மலம் இறங்க வயிற்றில் ஒரு பை வைத்தார்கள், பிறகு மருந்து ஏற்றினார்கள். போத்தலை அசிங்கம் என்று சொன்ன ஆறுமுகம், அந்தப் பையைக் கழற்றித் துடைத்து மாட்டக் கற்றுக்கொண்டார். நான் வீட்டுக்குப் போனால் செய்து காட்டுவார். "என்னைவிட இவருதான் சுத்தமா மாட்டறாரு" என்று சரசு சொல்வார். அதன் பிறகு சரசு பதினான்கு மாதம் உயிரோடு இருந்தார்.

படிக்கிற பிள்ளைகளுக்கும், அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். தின்றது ஒத்துக்கொள்ளாமல் இரண்டு நாள் பேதியானால் தண்ணீரும் உப்பும் சர்க்கரையும் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் ஒருவர் வெளிக்குப் போகும் வழக்கம் மாறி சில வாரம் ஆகியும் பழையபடி திரும்பவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். மூன்று நாளைக்கு ஒருமுறை போவது ஒருவருக்கு வழக்கமாக இருக்கலாம், அதனால் மாறியிருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும். ரத்தம் வந்தால் மூலம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். மூலமாகவே இருக்கலாம், அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். பட்டினி கிடக்காமல் உடம்பு இளைத்தால் அழகு என்று சொல்லாதீர்கள். தாங்க முடியாத வலியோடு வயிறு கல்லாகிவிட்டாலோ, வாந்தி நிற்காமல் மலமும் காற்றும் அடைத்துக்கொண்டாலோ, மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனாலோ, ரத்தம் நிறையப் போனாலோ கிளினிக் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

5. இரண்டாவது போத்தல்

சரசுவின் காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து ஆறுமுகம் வந்தார். தன் கார்டைத் தானே கொண்டு வந்திருந்தார். அதன் பக்கத்தில், நாளிதழில் சுற்றி, ஒரு போத்தலை வைத்தார்.

"மிஸ்ஸி, இது என்னோடதுதான்."

"அண்ணே, உங்களுக்குத்தான் ஸ்கோப்பே பண்ணியாச்சே. இன்னும் பல வருசத்துக்கு இது தேவையில்ல."

"தெரியும். வாங்கிக்குங்க."

வாங்கியிருக்கக் கூடாது. வாங்கினேன். கையுறை போட்டுக்கொண்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கவே பரிசோதித்தேன். இரண்டு பேரும் காத்திருந்தோம். ஒரு கோடு வந்தது.

"அன்னைக்கே நான் இதக் குடுத்திருந்தா, அவளுக்கு இவ்வளவு தூரம் வந்திருக்காதுல்ல?"

ஆறுதலாக ஏதாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். முப்பது வருடமாக அதைத்தானே செய்துகொண்டிருந்தேன். அன்றைக்கு முடியவில்லை. களைத்துப் போயிருந்தேன்.

"இல்லண்ணே. அன்னைக்கு உங்களோடத குடுத்திருந்தா இதே ஒரு கோடுதான் வந்திருக்கும். நல்லாருக்கீங்கன்னு சொல்லி அனுப்பியிருப்பேன்."

"அப்ப சரசு?"

"சரசக்காவ நான் கேட்டிருக்கவே மாட்டேன்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மருந்தை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு, "வரேன், மிஸ்ஸி" என்று மட்டும் சொல்லிப் போனார்.

அதற்குப் பிறகு எனக்கு எட்டு மாத வேலை மிச்சம் இருந்தது. கணவன் கார்டோடும், மாமியார் கார்டோடும், பேரப்பிள்ளையின் தடுப்பூசிப் புத்தகத்தோடும் கவுண்டரில் வந்து நின்ற ஒவ்வொரு பெண்ணிடமும் உங்கள் கார்டு எங்கே என்று கேட்டேன். பாதிப் பேர் சொன்னது ஒன்றுதான்.

"எனக்கு ஒண்ணும் இல்ல, மிஸ்ஸி. நான் அவருக்கு மருந்து வாங்க வந்தேன்."

"அது இருக்கட்டும். உக்காருங்கக்கா. வெளிக்கு ஒழுங்கா போறீங்களா?"

கேட்பதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. சரசுவை நான் ஒருமுறைகூட உட்காரச் சொன்னதில்லை.