பெட்டியில் ஒரு பாட்டிலுக்குத்தான் இடம்

எழுபதுகளின் நடுவில் என் கணவர் துபாயில் கட்டட வேலை பார்த்தார். விடுப்பு முடிந்து அவர் கிளம்பும்போதெல்லாம் நான் காய்ச்சிய முந்திரிப்பழப் பாகு ஒரு பாட்டில் அவரோடு போகும். விருத்தாசலத்தைச் சுற்றி முந்திரித் தோப்புகள். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுவார்கள். நான் கூடை கூடையாக வாங்கிவரச் சொல்லி, சாறு பிழிந்து, தொண்டையைப் பிடிக்கும் காறல் போக அரிசிக் கஞ்சி ஊற்றித் தெளியவைப்பேன். தெளிவை மட்டும் இறுத்து, சர்க்கரை கொட்டி, மூன்றில் ஒரு பங்காகச் சுண்டும்வரை காய்ச்சுவேன். அன்றைக்குத் தெருவே மணக்கும். "இன்னிக்கு உங்க வூட்ல பாகா?" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம். கொஞ்சம் என்ன, நிறையவே.

அந்த வீட்டுக்குத்தான் என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு அவள் வந்தாள். மெட்ராஸில் மனையியல் படித்தவள். நான் அடுப்படியில் வியர்வை வழியக் கிண்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"வாசனயெல்லாம் தெருவுக்குப் போயிட்டா பாட்டில்ல என்னக்கா இருக்கும்?"

கிண்டலாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்திருப்பேன். அவள் நிஜமாகவே கேட்டாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கொழுந்தனுக்குப் பீங்கான் சூளையில் வேலை. விற்பனைக்கு ஆகாத ஜாடிகள் அவருக்கு மலிவாகக் கிடைக்கும். அந்த வாரம் இரண்டு கொண்டுவந்தார். ஒழுங்கானது அவளுக்கு, வாய் கோணியது எனக்கு. அவள் தன் ஜாடியில் கெட்டியான சர்க்கரைப் பாகை நிரப்பினாள். பரிசுப் பொருள் சுற்றுகிற கண்ணாடித் தாளைப் பைபோல மடித்துக் கட்டி, அதில் தெளியவைத்த முந்திரிப்பழச் சாற்றை ஊற்றி, பையின் வாய் மேலே இருக்கும்படி பாகுக்குள் தொங்கவிட்டாள்.

"அடுப்பே வேணாங்க்கா. உள்ள இருக்கிற தண்ணிய இந்தப் பாகு தாள் வழியா இழுத்துக்கும். வாசனயும் நெறமும் சாத்துலயே நின்னுடும்."

மறுநாள் பை பாதியாகச் சூம்பியிருந்தது. உள்ளே சாறு கெட்டியாக, பழுத்த பழத்தின் அதே மஞ்சளில் இருந்தது. என் பாகு கருப்பட்டி நிறம். நீர்த்துப்போன சர்க்கரைப் பாகையும் அவள் வீணாக்கவில்லை. எலுமிச்சம்பழம் பிழிந்து வீட்டுக்கே சர்பத் கொடுத்துவிட்டாள்.

என் கணவர் அந்தச் சாற்றில் கொஞ்சம் தண்ணீரில் கலந்து குடித்தார். குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். "பழத்தக் கடிச்ச மாதிரியே இருக்குது. இந்தத் தடவ இதையே எடுத்துட்டுப் போறேன். பெட்டியில ஒரு பாட்டிலுக்குத்தான் எடம்" என்றார்.

என் பாகைக் குடித்து அவர் ஒருநாளும் கண்ணை மூடியதில்லை. அடுத்த விடுப்புக்கு இரண்டு வருடம் ஆகும். அவ்வளவு நாளும், அந்த வெயிலில், மூடியைத் திறக்கும்போதெல்லாம் அவருக்கு வீட்டு ஞாபகம் வரும். அந்த வீட்டில் அவள் கை இருக்கும். அதை என்னால் விடமுடியாது என்று முடிவு செய்தேன்.

நானும் ஊறுகாய் போட்டவள்தான். மாங்காயிலிருந்து தண்ணீரை இழுக்க உப்பைவிட எது கெட்டி? அவளுக்குச் சர்க்கரை என்றால் எனக்கு உப்பு. அவர் கிளம்பும் நாள் விடியலில், கோணல் ஜாடியில் முட்டை மிதக்கும்வரை கல்லுப்பைக் கரைத்தேன். அவள் மிச்சம் வைத்திருந்த தாளைக் கேட்காமல் எடுத்துப் பை கட்டி, சாற்றை ஊற்றி இறக்கினேன். பகலுக்குள் பை கொஞ்சம் தளர்ந்தது. அவளுடையதுபோல் சூம்பவில்லை; ஆனால் நிறம் அப்படியே இருந்தது. வாசனை மூக்கைத் துளைத்தது. வழக்கம்போல் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கி, பாட்டிலில் ஊற்றி, மெழுகு வைத்து அடைத்தேன்.

ருசி பார்க்கவில்லை. ரமலானில் விட்டுப்போன நோன்புகளை அந்த வாரம்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், கொழுந்தன் சூளையில். அவர் சொந்தக்காரர்களிடம் விடைபெறப் போயிருந்தார்; கிளம்பும் நேரத்துக்குத்தான் வந்தார். நாக்கில் வைத்துச் சொல்ல வீட்டில் இருந்தது அவள் ஒருத்திதான். அவளிடம் போயா நிற்பேன்?

"என்னங்க, நானும் அடுப்பு வெக்காமத்தான் செஞ்சேன். இத எடுத்துட்டுப் போங்க" என்றேன். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். பெட்டியிலிருந்து அவளுடையதை எடுத்து வெளியே வைத்துவிட்டு, என்னுடையதை வேட்டிக்குள் சுற்றி வைத்தார். மத்தியான ரயிலுக்குக் கிளம்பிப் போனார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொன்னதும், மிஞ்சியிருந்த என் சாற்றில் தண்ணீர் ஊற்றி நோன்பு திறந்தேன். ஒரே உப்பு. சாற்றிலிருந்து தண்ணீர் வெளியே போன வழியாகவே உப்பு உள்ளே வந்திருக்கிறது. அலமாரியில் அவள் பாட்டில் மஞ்சளாக நின்றது. அதிலிருந்து ஒரு தம்ளர் கலந்து அவளே கொண்டுவந்து நீட்டினாள். "என்னக்கா, மொகம் ஒரு மாதிரி இருக்குது?" என்றாள். குடித்தேன். அவ்வளவு நன்றாக இருந்தது. அதற்காகவே அவளை இன்னும் பிடிக்காமல் போனது.

அவர் எழுதிய எந்தக் கடிதத்திலும் அந்தப் பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து வந்தவர், முதல் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது தம்பியிடம் பேச்சை எடுத்தார்.

"அந்த முந்திரிப்பழச் சாறு இருக்குதே, என்னா யோசன! அங்க வெயில்ல வேத்துக் கொட்டும், உப்பு கேக்கும் ஒடம்பு. தெனம் துளித்துளியாக் கலந்து குடிச்சோம். ரூம்ல அடிச்சிக்கிட்டாங்க. படிச்ச புள்ள சொல்லிக் குடுத்திருக்கும், இல்ல?"

அவள் அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். படித்தவள், அந்த நொடியே புரிந்துகொண்டிருப்பாள்.

என் தப்புக்குக் கிடைத்த பாராட்டைக்கூட அவளுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"யாரும் சொல்லிக் குடுக்கல. அந்த உப்ப நான்தாங்க போட்டேன்" என்றேன்.

அவர் சிரித்தார். "நீயா?"

"ஆமா மச்சான், அது அக்கா யோசனதான்" என்றாள் அவள்.

அவள் சொன்ன பிறகுதான் அவர் நம்பினார்.