தரகர் பேணாட்டும் மூன்று நாட்டு விமானமும்

பேணாட் அண்ணர் கலியாணத் தரகர். எனக்குப் பெண் பார்த்துத் தந்தவரும் அவர்தான். அவர்மேல் எனக்கு அந்தக் கோபம் வேறு. தரகில் வயிறு நிறையாததால் சீனன்குடா விமானப்படைத் தளத்தில் தற்காலிகக் கிளாக்கராகவும் இருந்தார். குடியிருப்பு, மனைவி மாகிரட்டின் அண்ணன் வீட்டில் யன்னலில்லாத ஓர் அறை.

எழுபதுகளின் தொடக்கத்தில் மூன்று நாடுகள் சேர்ந்து ஒரு போர்ப் பயிற்சி விமானத்தை உருவாக்கச் சீனன்குடாவுக்கு வந்தன. உடல் ஒரு நாடு, இறக்கை இன்னொரு நாடு, எஞ்சின் மூன்றாவது. நாடுகளின் பெயரை வெளியில் விடுவதில்லை என்று பேணாட் கையெழுத்து வைத்தவர், இன்றுவரை விடவில்லை. மூன்று குழுவும் ஒன்றோடொன்று முகங்கொடுத்துக் கதைக்காது. இடையில் செய்தி கொண்டுபோகப் பேணாட்டைப் போட்டார்கள். விமானம் பறந்தால் வேலை நிரந்தரம், தளத்திலேயே குவாட்டர்ஸ் என்று மேலதிகாரி வாக்குக் கொடுத்தார். மாகிரட் அன்றைக்கே குவாட்டர்ஸ் யன்னலுக்குத் திரைச்சீலை தைக்கத் தொடங்கிவிட்டார்.

பேணாட் தனக்குத் தெரிந்த முறையில் வேலை செய்தார். நாள் குறிக்கும்வரை இரு வீட்டாரையும் நேரே கதைக்க விடக் கூடாது என்பது தரகின் முதற் பாடம். உடலைப் பால்மா அடைக்கிற தகரப்பேணி என்று இறக்கைக்காரர் ஏசினால், "உங்கட வேலை திறமாம்" என்று உடல்காரரிடம் போய்ச் சொல்வார்.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய்யலாமெண்டால், பிளேனுக்கு நூறு போதாதே?" என்று என்னிடமே கேட்டார்.

ஒருநாள் இறக்கைக்காரர், தங்கள் அளவெல்லாம் அங்குலம், மற்றவர்களுடையது மில்லிமீற்றர் என்றால் இறக்கையை உடலில் பூட்ட முடியாது, கேட்டு வா என்று அனுப்பினார்கள். அங்குலத்தில் அளக்கிறவன் மடையன் என்று உடல்காரர் கத்தினார்கள். பேணாட் திரும்பி வந்து, "அவைக்குப் பூரண திருப்தி" என்றார்.

பூட்டுகிற நாளில் ஒரு துளையும் நேருக்கு வரவில்லை. மூன்று குழுவும் முதன்முறையாக எதிரெதிரே நின்று வாய் கிழிய ஏசிக்கொண்டன. ஏசிக் களைத்தபின் ஒரே மேசையில் இருந்து கதைத்து, புதிதாகத் துளை போட்டன. பேணாட்டை ஏச ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

விமானம் பறந்தது. மேலதிகாரி பேணாட்டைக் கூப்பிட்டார்.

"பேணாட், இப்ப அவையே தங்களுக்குள்ள நல்லாக் கதைக்கினம். இடையில ஆள் தேவையில்லை. இல்லாத வேலையை நான் எப்பிடி நிரந்தரமாக்கிறது?"

மாகிரட்டிடம் மட்டும் பேணாட்டுக்குப் பொய் வராது. வீட்டுக்கு வந்து உள்ளதைச் சொன்னார். நானும் அங்கே இருந்தேன்.

"தாலி கட்டினாப் பிறகு தரகரை ஆர் தேடுறது?" என்றார் மாகிரட்.

எனக்குப் பேணாட்டின்மேல் இருந்த பழைய கோபம் அன்றோடு போய்விட்டது. மாகிரட் திரைச்சீலையை மடித்துக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு, தேத்தண்ணி போட அண்ணனின் குசினிக்குப் போனார்.