முப்பத்துமூன்றில் ஓடிய பாட்டு

திண்டிவனத்தில் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஐம்பது வருஷத்துக்கு மேலாக ஒரு பொய்யைக் காப்பாற்றி வந்திருக்கிறேன்.

நான் கல்லூரி முடித்த வருஷம், நானும் விழுப்புரத்து நண்பனும் புதுச்சேரியில் ஒரு பழைய ரெக்கார்டு பிளேயர் வாங்கினோம். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர் வீட்டுச் சாமான். கூடவே ஒரு சின்ன ரெக்கார்டும் சும்மா கிடைத்தது. அறுபதுகளில் பிரான்ஸ் இளசுகள் ஓடி ஓடி வாங்கிய ரகம். பக்கத்துக்கு ஒரே பாட்டு. பிரெஞ்சு எங்கள் இருவருக்கும் தெரியாது. நடுவிலிருந்த பெரிய ஓட்டைக்கு அட்டையை வெட்டிச் செருகினோம். வேகத்துக்கான குமிழ் நிமிஷத்துக்கு முப்பத்துமூன்று சுற்று என்பதில் இருந்தது, அப்படியே போட்டோம். கிணற்றுக்குள் உட்கார்ந்து ஒரு கிழவர் அழுவது போலிருந்தது.

"பொம்பள குரலாட்டம் இருக்குடா, நசுங்கிக்கினு வருது. அந்தக் குமிழத் திருப்பிப் பாக்கலாமா?" என்றான் நண்பன்.

நான் விடவில்லை. பரீட்சைக்கு இரங்கற்பாக்கள் படித்த சூடு ஆறவில்லை. பெரிய மனிதர்களை அடக்கம் செய்யும்போது பாடுவது இது என்று அடித்துச் சொன்னேன். படித்தவன் சொல்கிறானே என்று அடங்கிவிட்டான்.

அடுத்த வருஷம் வளவனூரில் அவன் அப்பா இறந்தார். தென்னை மரத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். அந்த ரெக்கார்டைப் போடலாம் என்றது நான்தான். பிளேயர் அருகே மைக்கை வைத்ததும் மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். ஒப்பாரி வைத்த பெண்கள் ராகம் பிடித்துப் பார்த்து, முடியாமல், மூக்கைச் சிந்தியபடி கேட்டார்கள். காணையிலிருந்து வந்த சம்பந்தி தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அதுவரை கல் மாதிரி நின்ற நண்பன் உடைந்து அழுதான்.

பிறகு பிளேயர் பழுதானது. திண்டிவனத்தில் ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் கொடுத்தேன். சரிசெய்தவர், சின்ன ரெக்கார்டுக்கு அதுதான் வேகம் என்று குமிழை நாற்பத்தைந்துக்குத் திருப்பி ரெக்கார்டை வைத்தார். பாட்டுக்குள்ளிருந்து பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி கைதட்டலோடு துள்ளி வந்தாள். ரிப்பேர்க்காரரின் தலை ஆடியது. புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்த ஒரு அம்மாளிடம் போட்டுக் காட்டி அர்த்தம் கேட்டேன். புதுச் செருப்பு காலைக் கடிக்கிறது, கழற்றி எறிந்துவிட்டு ஆடலாம் வா. அவ்வளவுதான் பாட்டு.

குமிழை மறுபடி முப்பத்துமூன்றுக்குத் திருப்பிக் கொண்டுபோய் அவனிடம் கொடுத்தேன். நான் செய்த குற்றம் அதுதான். அதற்குள் அவன் அப்பாவின் திதிதோறும் அதைப் போட ஆரம்பித்திருந்தான். படையல் முடிந்ததும் குடும்பமே கைகூப்பி நிற்கும். பின்னாளில் வந்த அவன் மருமகளும் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். நானும் தலைகுனிந்து நிற்பேன். அப்புறம் வடை, பாயசம். ஒரு வருஷம்கூடத் தவறவில்லை.

போன மாதம் கூப்பிட்டான். இதயம் பலவீனமாக இருக்கிறதாம். தான் போனால் அந்தப் பாட்டை நான்தான் போட வேண்டும், வேறு எவன் கையிலும் கொடுக்கக் கூடாது என்றான். மறுநாள் காலை பஸ் பிடித்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பத்தைந்தில் வைத்தும் காட்டினேன்.

முழுப்பாட்டையும் கேட்டான். அவனை அறியாமல் கால் கட்டைவிரல் தாளம் போட்டது. அதைப் பார்த்துவிட்டுக் காலை மடக்கிக்கொண்டான்.

"இன்னாடா இது. மிஷினு கெட்டுப்போயிருக்கு."

சரியான வேகமே இதுதான், முதல் நாளே நீ சொன்னாயே, நான்தான் கேட்கவில்லை என்றேன்.

"எனக்கு இன்னா தெரியும்? நீதான படிச்சவன். பெரிய மனுஷங்களுக்குப் பாடுறதுன்னு நீதான சொன்ன?"

"அது பொய்யிடா."

"எங்கப்பாவுக்கு ஊரே அழுதுச்சு. செருப்புக்கா அழுதுச்சு?"

 அவன் மருந்துப் பெட்டியைத் திறந்து பிளாஸ்திரி எடுத்தான். குமிழை முப்பத்துமூன்றுக்குத் திருப்பி, அசையாதபடி நாலு சுற்று ஒட்டி, பிளேயரையும் ரெக்கார்டையும் என் மடியில் வைத்தான்.

அவனைவிட நான் இரண்டு வயது மூத்தவன். நான் முந்திக்கொண்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"நான் வந்து உனக்குப் போடுறேன்" என்றான். "இதே ஸ்பீடுல."